சீனியின் கிளினிக் கொப்பி

அந்த யோசனை எனக்கு ஓர் ஆணியைப் பார்த்தபோது வந்தது.

வவுணதீவைத் தாண்டி, வீடுகள் முடிந்து வட்டை தொடங்குகிற இடத்தில் பூமணி மாமியின் வீடு இருக்கிறது. (உங்களில் வெளிமாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்காக: வட்டை என்றால் இங்கே வயல்வெளி.) மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போன நான், கை கழுவத் தண்ணீர் கேட்டுக் குசினி வாசலில் நின்றேன். உள்ளே சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு சொப்பிங் பை. பைக்குள் மாமியின் மகள் தர்சினி மாதா மாதம் கொண்டுபோகிற கர்ப்பிணிக் கிளினிக் கொப்பி. தர்சினிக்குத் தலைப்பிள்ளை, ஐந்தாம் மாதம். அந்த ஆணிக்கு நேர் கீழே, குளிர்ந்த சீமெந்துத் தரையில், சீனி என்கிற மண்ணிற நாய் வயிற்றைச் சரித்துக்கொண்டு படுத்திருந்தது. அதற்கும் முதல் ஈற்றுத்தான்.

ஒரே குசினியில் இரண்டு முதல் பேறு. ஒன்றுக்குக் கொப்பி இருக்கிறது. மற்றதற்கு ஏன் இல்லை?

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற பிறகுதான் எழுதுவார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. ஆனால் வருகிற வாரத்திலிருந்து படுவான்கரை புதிதாகச் சேர்ந்த உங்கள் மூவருடையது. வாவிக்கு மேற்கே ஆறு வருசமாக ஸ்கூட்டியில் ஓடித் திரிந்த பாதைகளை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஏறாவூர்ப் பக்கம் மாறுகிறேன். அந்த அளவில் எனக்கும் இது ஓய்வுதான். ஊசி எந்த இடத்தில் போடுவது, காய்ச்சல் எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் நம் மிருக டொக்டர் சொல்லித் தருவார். நான் சொல்லப்போவது டொக்டர் பக்கத்தில் இல்லாத நேரத்தைப் பற்றி.

சீனி ஏன் அவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தர்சினியின் கணவர் கட்டாரில். மாமியின் கணவர் காலமாகிவிட்டார். தாயும் மகளும் மட்டும் இருக்கிற வீடு. பின்னால் வட்டை, வட்டைக்கும் பின்னால் காடு. அறுவடை நெருங்கினால் யானை இறங்கும்.

"இவ ஆனைக்கு ஒரு மாதிரிக் குலைப்பா, மனிசருக்கு ஒரு மாதிரிக் குலைப்பா" என்றார் மாமி. "ஆனை எண்டா குலைச்சிக் குலைச்சிப் பின்னுக்கு வருவா. அந்தச் சத்தம் கேட்டா நாங்க முன் கதவால றோட்டுக்கு ஓடிருவம். இவ இல்லாட்டி மறுகா நாங்க ஆர நம்பிப் படுக்கிற?"

அன்றைக்கே நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். தர்சினியின் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துவைத்திருந்தேன். அதைப் பார்த்துக் கோடு கிழித்தேன். பெயர், வயது, விசர்நாய்த் தடுப்பூசி போட்ட திகதி, நிறை, சாப்பாடு, ஈனுகிற உத்தேச நாள். நாளுக்கு ஒரு கட்டம், செய்தால் ஒரு சரி. கடைசி நிரலில் 'கல்சியம், காலை ஒன்று' என்று எழுதினேன். தர்சினியின் கொப்பியில் அது இருந்தது. வயிற்றில் எலும்பு வளர்கிறது, கல்சியம் வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டொக்டரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை என்பதுதான் உண்மை. கால் முறிந்த நாய்களுக்கென்று நம் அலுமாரியில் இருந்த கல்சிய மாத்திரைப் போத்தல்களில் ஒன்றை எடுத்து, பதிவேட்டில் பதிந்துவிட்டு, மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமிக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. இன்னோர் ஆணி அடித்து, தர்சினியின் பைக்குப் பக்கத்தில் சீனியின் பையைத் தொங்கவிட்டார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். (பெண்ணையும் இங்கே வயதானவர்கள் 'மனே' என்றுதான் கூப்பிடுவார்கள்.)

"மனே, ஈண்ட கையோட சரக்குக் கறி காச்சிக் குடுக்கலாந்தானே?"

சரக்குக் கறி என்றால் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மிளகும் உள்ளிப்பூண்டும் மஞ்சளும் அரைத்து வைக்கிற பத்தியக் கறி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"நாய்க்குச் சரக்குக் கறியா மாமி? அதுக்கு உள்ளி கூடாது. அது மனிசர்ர சாப்பாடு. மனிசருக்குச் செய்றதெல்லாம் நாய்க்குச் செய்யக் கூடா."

"அப்பிடியாகா? எனக்கென்ன தெரியும். நீங்க படிச்ச ஆக்கள்."

இந்த இடத்தை ஞாபகம் வைத்திருங்கள். திரும்பி வருவேன்.

சீனி ஈனும்வரை இருந்த அந்த நாலு வாரமும் நான் மிதந்துகொண்டிருந்தேன். போகிற வழியெல்லாம் கொப்பியைப் பற்றியே பேச்சு. மாமி ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. நீல மையில் சரி, சரி, சரி. தர்சினி தன் குளிசையை மறந்த நாளிலும் சீனியின் குளிசை சோற்று உருண்டைக்குள் போயிருந்தது. "அம்மா என்ட கொப்பியப் பாக்கிறல்ல. அவட கொப்பியத்தான் பாக்கிறா" என்று தர்சினி முறைப்பட்டாள்.

ஈனுகிற இடத்திலும் எனக்கொரு பாடம் கிடைத்தது. பலகைப் பெட்டி ஒன்றை அளந்து, உயரம் பார்த்து, உள்ளே கழுவிய சாக்கு விரித்துக் குசினி மூலையில் வைத்தேன். சீனி வந்து மூக்கை வைத்து மணந்து பார்த்தது. திரும்பிப் போய்விட்டது. மறுநாள் பெட்டியை வீட்டோடு சேர்ந்த சாய்ப்புக்குள் மாற்றினேன். அங்கேயும் மணந்துவிட்டுப் போனது. பிறகு பார்த்தால், கொல்லையில் கழற்றிப் போட்டிருந்த பழைய உழவு இயந்திர இழுவைப் பெட்டிக்குக் கீழே மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. நான் அதைத் தூக்கிக்கொண்டு வரக் குனிந்தேன்.

"விடுங்ககா" என்றார் மாமி. "ஆனை வாற பக்கமும் தெரியணும், எங்கட வாசலும் தெரியணும். அவடத்த படுத்தாத்தான் அவக்கு ரெண்டும் தெரியும்."

நானும் மண்ணில் படுத்துப் பார்த்தேன். உண்மைதான், இரண்டும் தெரிந்தன. பலகைப் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கழற்றி, அதை உழவு இயந்திரப் பெட்டிக்குக் கீழே தள்ளி, மழைத் தண்ணீர் வராமல் வரம்பு கட்டினோம். சீனி அதற்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. இடம் தேடும்போது முதலில் நாயின் உயரத்துக்கு இறங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகு அளவெடுக்கலாம்.

ஒரு விடிய மாமி போன் எடுத்தார். "அஞ்சு! அஞ்சும் உசிரோட! ஒண்டு கறுப்பு!" நான் போவதற்குள் கண்ணூறு படக் கூடாதென்று உழவு இயந்திரப் பெட்டியைச் சுற்றி வேப்பிலை கட்டியிருந்தார். ஐந்து குட்டிகளும் வரிசையாகப் பால் குடித்தன. கொப்பியில் ஐந்து என்று எழுதி வட்டம் போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட அழகான வட்டம் அதுதான்.

பதினாறாம் நாள் நான் அடுத்த ஊரில் மாடுகளோடு நின்றேன். காலை ஒன்பது, ஒன்பதரை இருக்கும். போனில் மாமியின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மனே, சீனி பல்ல இளிச்சிக்கொண்டு நிக்கிறா. கால் நாலும் கம்பு மாதிரி. வாயால வீணி வடியிது. குட்டியள அண்ட விர்றால்ல. கெதியா வாங்க."

பத்து நிமிடத்தில் போய்விட்டேன். எனக்கு முன்னரே அடுத்த வளவுத் தம்பியப்பா அண்ணன் வந்திருந்தார், கையில் உலக்கையோடு. சீனி கொல்லையில் நின்று நடுங்கியது. நாலு எட்டு வைத்து விழுந்தது, எழும்பியது, மறுபடி விழுந்தது. வாயில் நுரை. தர்சினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"விசர் புடிச்சிட்டு மிஸ்" என்றார் தம்பியப்பா அண்ணன். "வயித்துப் புள்ளைக்காரி நிக்கிற வீடு. தள்ளுங்க, நான் ஒரே போடாப் போட்டுர்றன்."

அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கோலத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த நேரம் வாயால் வாதாடிப் பயனில்லை. ஓடிப்போய் ஆணியிலிருந்து பையை எடுத்துக் கொப்பியை விரித்துக் காட்டினேன்.

"அண்ணன், இதப் பாருங்க. விசர்நாய் ஊசி போட்ட திகதி. போன வருசமும் போட்டது, இந்த வருசமும் போட்டது. ரெண்டுக்கும் டொக்டர் கையெழுத்து வெச்ச ஊசிக் காட்டும் இதுக்குள்ள ஒட்டியிரிக்கி. ஈண்டு பதினாறு நாள், அஞ்சு குட்டிக்குப் பால் குடுக்கிற நாய். இது வேற வருத்தமா இரிக்கலாம். டொக்டர் பாக்கட்டும். அதுக்குள்ள அடிக்க வேணாம்."

அவர் கொப்பியைப் பார்த்தார், சீனியைப் பார்த்தார். "அப்ப நான் என்ன செய்ய?"

"தர்சினிக்குக் காவல் நில்லுங்க. குட்டிகளத் தாயிட்ட விடாம ஒரு கூடைக்குள்ள வைங்க."

உலக்கையைக் கீழே வைக்கவில்லை. ஆனால் போய்த் தர்சினிக்கு முன்னால் நின்றார்.

டொக்டருக்குப் போன் எடுத்தேன். "ஒப்பரேசன் மேசையில ஒரு நாய் வயிறு திறந்தபடி கிடக்கு, நான் வரேலாது" என்றார். "நீங்க சொல்றதப் பாத்தா இரத்தத்தில கல்சியம் குறைஞ்சி விழுந்திட்டு. ஒரு மணித்தியாலத்துக்குள்ள கொண்டு வாங்க. கையுறை போடுங்க. ஈரச் சாக்கால மூடுங்க, உடம்பு கொதிக்கும். வேற ஆரும் தொட வேணாம்."

கல்சியம் விழுந்திட்டு. அந்தச் சொல் காதில் விழுந்தபோது கையிலிருந்த கொப்பியின் கடைசி நிரல் கண்ணில் பட்டது. அவ்வளவு சரிகள். எப்படி விழும்? யோசிக்க நேரமில்லை. வாகனம் வேண்டும்.

ஸ்கூட்டியில் ஏற்றமுடியாது. தெரிந்த ஓட்டோக்காரர் இருவருக்குப் போன் எடுத்தேன். நுரை தள்ளுகிற நாய் என்றதும் ஒருவர் வேற ஹயர் இருக்கு என்றார், மற்றவர் போனையே வைத்துவிட்டார். அப்போதுதான் றோட்டில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. ஏறாவூரிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை சாரி, சாரம், படங்குத் துணியெல்லாம் ஓட்டோவில் கொண்டுவந்து விற்கிற ரிஸ்வான் நானா. (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'நானா' என்றுதான் அழைப்போம்.) படுவான்கரையில் அவருக்குத் தெரியாத வீடில்லை.

ஓடிப்போய் மறித்தேன். விசயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும், இவரிடம் இதைக் கேட்பது சரியில்லை என்று.

"விசரா தங்கச்சி?"

"இல்ல எண்டுதான் டொக்டரும் நினைக்கிறா. ஊசி போட்ட நாய்." கொப்பியை நீட்டினேன். அவர் வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"இல்ல, நான் யோசிச்சது வேற" என்றார். "நம்மட மார்க்கத்தில நாய்ட எச்சில் பட்டா ஏழு தரம் கழுவணும். அதில ஒரு தரம் மண் போட்டுக் கழுவணும். சீற்று, தரை, எல்லாம்."

நானா பின் சீற்றைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ்வளவுதானே" என்றார். "ஓட்டோவக் கழுவலாம். உசிரு போனா எதப் போட்டுக் கழுவுற? பூமணி அக்கா! இந்தத் துணியெல்லாத்தையும் உங்கட வீட்டுக்குள்ள வைங்க. ஒரு உரப்பையில நல்ல சுத்தமான மண் கொஞ்சம் அள்ளிட்டு வாங்க. டவுனுக்குள்ள நான் மண்ணுக்கு எங்க போற?"

மாமி வட்டைக்குள் இறங்கி ஓடினார். அந்த வயதில் ஒருவர் வரம்பில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது வாவிக் காற்று உள்ளே அடித்தது. ஈரச் சாக்குக்குள் சீனி தீப்பிடித்தது போலச் சுட்டது. மாமி மண் பையை மடியில் வைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி, "அவ கண்ணத் துறந்திரிக்காவா? துறந்திரிக்காவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானா திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளங்களுக்கு மட்டும் மெதுவாக்கினார்.

டொக்டர் நாளத்தில் கல்சியம் ஏற்றினார். இதயத்தைக் கேட்டபடி, மிக மெதுவாக. நான் சீனியின் முன்னங்காலைப் பிடித்திருந்தேன். முதலில் அது இரும்பு மாதிரி இருந்தது. பிறகு, எந்த நொடியில் என்று சொல்லமுடியாது, என் கைக்குள் அது கால் ஆகியது. சீனி பெருமூச்சு விட்டு, தலையைத் தூக்கி மாமியைத் தேடியது.

அதற்குப் பிறகுதான் டொக்டர் கொப்பியைக் கையில் எடுத்தார். கடைசி நிரலில் விரலை வைத்தார்.

"இது எப்ப இருந்து?"

"சினையில அஞ்சாம் கிழமையில இருந்து, டொக்டர்."

"ஆர் சொன்னது?"

"நான்தான்."

அவர் சத்தம் போடவில்லை. அப்போதே விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கிய விதத்தில் உங்களுக்குச் சொல்கிறேன். எலும்பிலிருந்து கல்சியம் எடுக்கிற வாய்க்கால் ஒன்று தாயின் உடம்பில் இருக்கிறது. வயிற்றில் குட்டி இருக்கும்போது நாம் வெளியிலிருந்து வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே இருந்தால் உடம்பு அந்த வாய்க்காலைத் துப்புரவாக்காது. தேவையில்லையே! குட்டிகள் பெருத்துப் பால் இழுக்கிற நாளில் வட்டை முழுதும் தண்ணீர் கேட்கும். அப்போது வாய்க்கால் தூர்ந்து கிடக்கும். நான் ஊற்றிய வாளிகள்தான் சீனியை அந்தக் கோலத்தில் நிறுத்தியவை. குளிசை கொடுக்காத நாய்க்கும் இது வரலாம் என்றார் டொக்டர். ஆனால் நான் கதவைத் திறந்து வைத்து அழைத்திருந்தேன்.

வெளியே குழாயடியில் நானா ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். நானும் மாமியும் வாளி எடுத்துக் கொடுத்தோம். முதலாவது வட்டை மண்ணைக் கரைத்து. பிறகு வெறும் தண்ணீர், சத்தமாக எண்ணி. நடுவில் மாமி தர்சினிக்குப் போன் எடுத்துச் "சீனி கண் முழிச்சிட்டா" என்று சொன்னதில் எண்ணிக்கை தப்பிவிட்டது.

"இப்ப நாலா அஞ்சா?" என்றார் நானா.

"அஞ்சு" என்றார் மாமி.

"நாலு எண்டுதான் நான் நினைச்ச" என்றேன் நான்.

"சந்தேகம் வந்தா குறைஞ்சதத்தான் புடிக்கணும். நாலு. ஊத்துங்க."

ஏழு முடிந்ததும் மாமியின் பக்கம் திரும்பினேன். தள்ளிப்போட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

"மாமி, இது என்ட பிழை. நான் தந்த குளிசையாலதான் இப்படி வந்த. டொக்டர்ட்ட கேக்காமக் குடுத்திட்டன்."

மாமி கையிலிருந்த வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் சரக்குக் கறி காச்சப் போனா, மனிசர்ர சாப்பாடு எண்டு சிரிச்சாய். மறுகா உன்ட குளுசை ஆர்ர குளுசைகா?"

நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி தன் சீலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். நுரை பட்ட தலைப்பு அது. "ஐயோ, இனி இவளையும் ஏழு தரம் கழுவணுமே" என்றார் நானாவைப் பார்த்து.

அதைக் கேட்டுச் சிரித்தபடி வெளியே வந்தாலும், உடனே என்னை உள்ளே கூட்டிப்போய், நுரை பட்ட முகத்தையும் கையையும் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவவைத்தார் டொக்டர். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சீனி பிழைத்தது. குட்டிகளைப் போத்தலில் வளர்த்தோம். தர்சினிதான் வளர்த்தாள் என்று சொல்லவேண்டும், "பழகிக்கொள்றன்" என்று சொல்லிச் சொல்லி. கறுப்புக் குட்டியைத் தம்பியப்பா அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். அறுவடைக்கு முன் ஒரு பின்னேரம் சீனி குலைத்துக் குலைத்துப் பின்னுக்கு வந்தது. தாயும் மகளும் முன் கதவால் றோட்டுக்குப் போய்விட்டார்கள். வேலியும் இரண்டு வாழையும்தான் போயின. ஒரு மாதம் கழித்துத் தர்சினிக்குப் பெண் பிள்ளை. அன்றைக்கு மாமி எனக்கும் ஒரு கிண்ணம் சரக்குக் கறி வைத்தார்.

அந்தக் கொப்பி உங்கள் மேசை லாச்சியில் இருக்கிறது. கடைசி நிரலை வேண்டுமென்றே கிழிக்காமல் வைத்திருக்கிறேன். நீல மைச் சரிகளை எண்ணாதீர்கள், சும்மா பாருங்கள். ஒரு மனுசி என்னை எவ்வளவு நம்பினார் என்று அதில் தெரியும். என்னைப் பிழையில் மாட்டிவிட்டதும் அந்தக் கொப்பிதான். தடுப்பூசித் திகதியைக் காட்டி உலக்கையை நிறுத்தியதும் அதுவேதான். அதனால் யோசனையைக் கைவிடவில்லை. புதுக் கொப்பியில் கல்சிய நிரல் இல்லை. அந்த இடத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று: 'இதை யாரிடம் கேட்டோம்?' மற்றது: 'அவசரத்துக்கு வாகனம் யாருடையது?' ஈனுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே இரண்டும் நிரம்பியிருக்க வேண்டும். படுவான்கரையில் பல கொப்பிகளில் இரண்டாவது வரியில் ஒரே பெயரைப் பார்ப்பீர்கள். அவரே எழுதச் சொன்னது.

ஏறாவூரில் எனக்கு முதல் வேலை வந்துவிட்டது. ரிஸ்வான் நானாவின் வீட்டு ஆட்டுக்கு முதல் ஈற்று. "அதுக்கும் ஒரு கொப்பி போடுங்க தங்கச்சி" என்று போன கிழமை சொன்னார். ஆட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததை விட அவர் மனைவிக்குக் கூடத் தெரியும். டொக்டருக்கு இருவரையும் விடக் கூடத் தெரியும். அதனால் இந்தத் தடவை ஒரு கோடும் கிழிக்காத கொப்பியோடு போகிறேன். முதல் நாள் கேள்வி மட்டும். கோடு பிறகு.

சனிக்கிழமை காலை நானாவே வந்து ஏற்றிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

"பின் சீற்றுக்குக் கீழ ஒரு பை இரிக்கி. கால் இடிபடும், பாத்து ஏறுங்க" என்றார்.

"என்ன பை நானா?"

"பூமணி அக்காட வட்டை மண். ஆட்டுக்குத் தேவையில்லதான். வழியில ஆர்ர நாய் நிக்கிதோ, ஆருக்குத் தெரியும்."